சந்தனத்தின் தலையும் கடைக் காந்தமும்

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் சந்தனத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ரோட்டில் ஆணி போடுவதே அவர்தான் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பழியைத் துடைக்க, தினமும் காலையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நாலு பேர் பார்க்கக் கடைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு நடப்பார். அதில் ஒட்டி வரும் ஆணிகளைப் பார்த்து, "நேத்துப் போட்டதை இன்னைக்குப் பொறுக்குறாரு" என்றார்கள். சந்தனம் விடுவாரா? தினம் ஒரு சண்டைதான்.

வெளியில் போடுவதெல்லாம் வெறும் ஒத்திகை. நிஜச் சண்டை மனைவி முருகலட்சுமியோடு. அவர் "யோவ்" என்று ஆரம்பித்தால், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்பார்கள்.

போன வருஷம் சந்தனத்துக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூளை ரத்தக்குழாயில் ஓர் இடம் பலூன் மாதிரி வீங்கியிருப்பதாக மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, வீக்கத்துக்குள் கம்பிச் சுருளை அடைத்து அனுப்பிவைத்தார்கள். "பிரஷர் ஏறக்கூடாது, கோபப்பட விடாதீங்க" என்று முருகலட்சுமியிடம் சொன்னதுதான் வினையாகிப் போனது. அன்றிலிருந்து "யோவ்" போய் "என்னங்க" வந்தது. குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினால்கூட, "ஆமாங்க, என் தப்புதான்" என்றார். சந்தனத்துக்குச் சந்தேகம் தட்டியது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், இவள் அதை மறைக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டார்.

மறுபடி ஸ்கேன் எடுக்க இருவரும் மதுரைக்குப் போனார்கள். டாக்டர் பிருந்தா பொறுமையாக விளக்கினார். "அடைச்ச வீக்கம் சிலருக்குத் திரும்ப வரும். இப்ப எடுக்கப் போற படத்துல ரத்தக்குழாயோட சுவரையே பாக்கலாம். மருந்து ஏத்தினதும் அந்தச் சுவர் பளிச்சுனு தெரிஞ்சா, திரும்ப வர வாய்ப்பு அதிகம். தெரியலைன்னா பயம் கம்மி."

"எந்த மிசின்ல பாப்பீகம்மா?"

"எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம்னு வச்சுக்கோங்க."

சந்தனம் எழுந்து செருப்பைத் தேடினார். "காந்தமா! மண்ணுல புதைஞ்ச ஆணியையே பிடுங்கிட்டு வருதும்மா என் கடைக் காந்தம். உள்ள இருக்க கம்பியை உருவிட்டா ஆரு பதில் சொல்றது? லட்சுமி, வா ஊருக்கு!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உக்காருங்கய்யா. அது இரும்பில்ல, பிளாட்டினம். காந்தம் இழுக்காது."

முருகலட்சுமி விருட்டென்று நிமிர்ந்தார். "நகைக்கடையில விக்கிற பிளாட்டினமா?"

"அதேதான்."

முருகலட்சுமி கணவரின் தலையை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "போயிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொன்னார்.

மிஷினுக்குள் கடகடவென்ற சத்தத்தில் சந்தனம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கம்பி பயம் போய், இப்போது சுவர் பயம். பளிச்சென்று தெரிந்துவிடக் கூடாதே என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினார்.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சுவர் அமைதியா இருக்கு. திரும்ப வர வாய்ப்பு கம்மி. ஆனாலும் அடுத்த வருஷம் வந்து காட்டணும்."

"இனி இவுக கோவப்பட்டா ஆபத்தா டாக்டர்?" என்று கேட்டார் முருகலட்சுமி.

"மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடட்டும். மத்தபடி சாதாரணமா இருங்க."

முருகலட்சுமி டாக்டரைக் கும்பிட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் பொறுத்தார்.

"யோவ்! கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு செயின் கேக்குறேன், கண்ணுல காட்டுனியா? உன் மண்டைக்குள்ள மட்டும் பிளாட்டினமா? அதுவும் ஒருத்தர் கண்ணுலயும் படாத எடத்துல! வருசம் பூரா வாயைத் தச்சுக்கிட்டுக் கெடந்தேன்யா, உனக்கு என்னமும் ஆயிருமோன்னு. உப்பில்லைன்னா தட்டைத் தள்ளுவியோ?"

சுற்றிலும் கூட்டம் நின்றுவிட்டது. சந்தனத்துக்குக் கண் கலங்கியது. டாக்டர் சொன்னதை அரைகுறையாகத்தான் நம்பியிருந்தார். இப்போது முழுசாக நம்பினார்.

"ஏன்டி, நீ கேட்டது செயினா, வளையலா?" என்று வேண்டுமென்றே எடுத்துக்கொடுத்தார்.

அவர்கள் ஊருக்குப் போக ஏறவேண்டிய அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.