வரிசையில் கிடந்த பைகள்

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம். இலஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் நடந்தது. எனக்கு நீட்டி எழுதத் தெரியாது. எட்டாவது வரைதான் படிப்பு. நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்.

அந்த மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. குளம் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்தது. ரேஷன் கடைக்குள் இடுப்பளவு. அரிசி மூட்டை எல்லாம் ஊறி, நாறி, அள்ளி வெளியே கொட்டினார்கள். கடையைப் பூட்டினார்கள். இருபது நாள் திறக்கவில்லை. தினம் ஒரு காரணம். ரோடு அரித்துப் போச்சு, லாரி வராது என்றார்கள். ரோட்டைச் சரி பண்ணினார்கள், லாரி இல்லை என்றார்கள். லாரி கிடைத்தது, ரேகை வைக்கிற மெஷின் தண்ணீரில் போய்விட்டது, புதுசு வர வேண்டும் என்றார்கள். புதுசு வந்தது, ஒரு அதிகாரி வந்து பார்த்தால்தான் கடை திறக்கலாம் என்றார்கள். அவரும் வந்தார். பார்த்தார். செல்போனில் படம் பிடித்தார். போனார். கடை திறக்கவில்லை.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். அருவியில் குளிக்கத் தடை போட்டதால் ஆள் வரவில்லை. லாட்ஜும் பூட்டு. வீட்டில் சும்மா கிடந்தேன்.

அதற்கு முன்னால் ராணுவத்தில் சமையல்காரனாக இருந்தேன். அதில் ஒரு வருஷம் அமைதிப் படையில் போட்டு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே உள்நாட்டுச் சண்டை முடிந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. சண்டைக்கு முன்னால் அங்கேயும் நம்மைப் போல அரசாங்கக் கடையில் மாவும் எண்ணெயும் கொடுத்திருக்கிறார்கள். சண்டையில் கடை எரிந்தது. பேர்ப் பட்டியல் எரிந்தது. பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேரும் இல்லை. அதைத் திரும்பத் தொடங்கினார்கள். காவலுக்கு ஆள் போதவில்லை என்று சமையல்காரர்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். நான் நாலு மாதம் நின்றேன். தள்ளுமுள்ளு கிடையாது. ஒரு சத்தம் கிடையாது. இதை ஊர் டீக்கடையில் நூறு தடவை சொல்லியிருப்பேன். நான் பேசுகிற ஆள் இல்லை. இந்த ஒன்றைத்தான் பேசுவேன்.

அதுதான் வினையாகப் போயிற்று.

கடையில் பில் போடுகிற பெண் பிள்ளை ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தது.

"மாமா, நாளைக்கு லோடு வருது. பாதி லோடுதான். எல்லாருக்கும் காணாது. மீதி ரெண்டு நாள் கழிச்சு வருமாம். கூட்டம் என்னயக் கொன்னுரும். நீங்க வரிசைய மட்டும் பாத்துக்கிடுங்க. சண்டை நடந்த நாட்டுலயே பாத்தவுகல்லா?"

சரி என்றேன்.

"உங்க அரிசிய மொதல்லயே பில்லு போட்டு உள்ள எடுத்து வச்சிருதேன். நீங்க நிக்க வேண்டாம்."

அதற்கும் சரி என்றேன். அது தப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் போனேன். இருந்த ஆள் பத்து. கிடந்த சாமான் முப்பது, நாற்பது. மஞ்சள் பை, உரச் சாக்கு, செங்கல், ஒற்றைச் செருப்பு, மேலே கல் வைத்த பால் கவர். எல்லாம் வரிசையாக. பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. இருபது நாளாகக் கடை திறக்கவில்லை என்று கத்தினவர்கள், திறக்கிற அன்றைக்குச் செருப்பை அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் ஆளாக ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். பீடி சுற்றுகிறவர். சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து ஒரு செங்கல். மூன்றாவதாக ஒருவர் உரச் சாக்கை மடித்து வைத்து, மேலே கல்லை வைத்தார். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பக்கத்துத் தெரு. கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவு பழக்கம்.

என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்குத்தான் ஐந்தருவில குளிக்க விடுதாவ. இருபது நாளா ஒருத்தர் தலையில எண்ணெ வைக்கல. இன்னைக்குப் போவலைன்னா நான் உக்காருத எடத்த வேற ஆளு புடிச்சிருவான். சாக்கு இங்கன கெடக்கட்டும். பதினோரு மணிக்கெல்லாம் வந்துருதேன். வீட்டுல பொட்டு அரிசி இல்ல. வெள்ளத்துக்காகப் பள்ளிக்கூடத்துல சோறு போட்டாவ, அதையும் நேத்தோட நிறுத்திட்டாவ."

நான் "ம்" என்றேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மணிக்கு லாரி வந்தது. இறக்கி முடித்து, மெஷினைப் போட்டால் சிக்னல் இல்லை. பிள்ளை மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது. தெருவுக்குப் போனது. எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறிப் பார்த்தது. கடைசியில் கடை ஜன்னல் மூலையில் கொஞ்சம் கிடைத்தது. என் பில் விழுந்தது. அடுத்து பீடி சுற்றுகிற அக்கா. அவர் விரலை மெஷின் ஏற்கவில்லை.

"கையத் தொடச்சிட்டு வைங்கக்கா."

"எத்தன தடவ தொடைக்க? தோலு உரிஞ்சிரும் போல இருக்கு."

"அழுத்தி வைங்க."

"ஏட்டி, இருவத்தஞ்சு வருசமா பீடி சுத்துத கை. ரேகைய நான் எங்கன போய்த் தேட?"

பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. செல்போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை வைத்துப் போடலாம் என்றது பிள்ளை. அந்த நம்பர் வருவதற்கும் சிக்னல் வேண்டும். அக்காவை ஓரமாக உட்காரச் சொன்னோம். அவர் படியில் உட்கார்ந்து மறுபடி சுளகை எடுத்துக்கொண்டார். இப்படியே ஒரு மணி நேரம் போனது. ஆள் வராத பையைத் தாண்டி நாலு பேருக்குத்தான் பில் போட்டிருந்தோம்; பைக்காரர் வந்தால் உடனே அவருக்குப் போட வேண்டும், அதுதான் வழக்கம்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நேரில் வந்தவர்களுக்கும் பை போட்டவர்களுக்கும் சண்டை.

"நாங்க காலு கடுக்க நிக்கோம். எங்களுக்கு முன்னால சாக்கு நிக்குது."

"செருப்புக்கெல்லாம் அரிசி போட்டா மனுசனுக்கு என்னத்தப் போடுவீய?"

யாரோ ஒரு செங்கலை நகர்த்தினார்கள். அந்தச் செங்கல் என்னுது என்று ஒரு அம்மா வந்தார். இல்லை, என்னுது என்று இன்னொருவர் வந்தார். செங்கல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, நான் என்னத்தைக் கண்டேன்? தலை வலித்தது. வாங்கக்கூடத் தெரியாத ஜனம் என்று நினைத்தேன். ஆப்பிரிக்காவில் பட்டினியில் கிடந்தவர்கள் எப்படி நின்றார்கள் என்று நினைத்தேன்.

குனிந்து பைகளை எடுக்க ஆரம்பித்தேன். ஆள் இல்லாத பைக்கு இடம் இல்லை என்று சொன்னேன்.

பீடி சுற்றுகிற அக்கா படியிலிருந்து சத்தம் போட்டார். "அண்ணாச்சி, எடுக்காதீய. அது பை இல்ல, ஆளு."

"ஆளுன்னா பேசச் சொல்லுங்க" என்றேன்.

கூட்டம் சிரித்தது. நான் பேசி நாலு பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

எண்ணெய் தேய்க்கிறவர் சாக்கு கையில் வந்தது. யாருடையது என்று தெரியும். ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட வேண்டும். மேலும், நான் சரி என்று சொல்லவில்லை. "ம்" என்றுதான் சொன்னேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாக்கைக் குவியலில் போட்டேன்.

அதன்பிறகு வரிசை நேராக நின்றது. மெஷினுக்குச் சிக்னலும் சீராகக் கிடைத்தது. பில் மளமளவென்று விழுந்தது. பில் போடுகிற பிள்ளை ஜன்னல் வழியாக, "மாமான்னா மாமாதான்" என்றது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் பதினோரு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கை முழங்கை வரை எண்ணெய். சட்டையில் எண்ணெய். மூன்றாவது இடத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குவியலைக் காட்டினேன். கிளறித் தன் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கடைசில போய் நில்லும்" என்றேன்.

"உங்கள்ட்ட சொல்லிட்டுல்லா போனேன் அண்ணாச்சி?"

"நான் சரின்னு சொல்லலியே."

"'ம்'ன்னீயளே."

பதில் இல்லாதபோது மனுஷன் சட்டம் பேசுவான். நானும் பேசினேன். "எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்" என்றேன்.

நம்பர் இன்னும் வராமல் படியில் உட்கார்ந்திருந்த அக்கா, சுளகிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ஆமா, ஒரே சட்டந்தான். அண்ணாச்சி அரிசி மட்டும் உள்ள காத்தாடிக்குக் கீழ உக்காந்துருக்கு."

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை எனக்குப் பிடிக்கவில்லை.

எண்ணெய் தேய்க்கிறவர் சாக்கோடு கடைசியில் போய் நின்றார். ஒன்றரை மணிக்கு அரிசி தீர்ந்தது. பீடி சுற்றுகிற அக்காவுக்கு எப்படியோ நம்பர் வந்து அவர் வாங்கிவிட்டார். எண்ணெய் தேய்க்கிறவருக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். இன்றைக்கு அவ்வளவுதான் என்று பிள்ளை ஷட்டரைப் பாதி இழுத்தது. மற்றவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். என்னையும், மெஷினையும், அரசாங்கத்தையும். அவர் மட்டும் சாக்கை மடித்துக்கொண்டு நின்றார்.

நான் உள்ளே இருந்த என் அரிசியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதக் கொண்டு போவும்."

"உங்க அரிசி எனக்கு எதுக்கு அண்ணாச்சி? என் கார்டுக்கு அரிசி இருக்கு. எடந்தான் இல்லாமப் போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரிசியைத் தோளில் வைத்து நடந்தேன். டீக்கடையில் நான் சொல்லாமல் விடுகிற பாகம் அப்போது ஞாபகம் வந்தது.

அந்த நாட்டில் முதல் நாள் விடியும்போது மைதானத்தில் ஆளே இல்லை. கல்தான் இருந்தது. கல், ஓட்டை டின், அறுந்த கூடை, எரிந்த வீட்டுக் கதவின் கைப்பிடி ஒன்று. வரிசையாக. எங்கள் அதிகாரி எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளச் சொன்னார். நான்தான் முதல் டின்னைக் காலால் தள்ளினேன். மொழிபெயர்க்க வந்த உள்ளூர்க்காரர் ஓடி வந்து தடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு வீடு, பெண்கள் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார்கள், போய்வர நாலு மணி நேரம் ஆகும் என்றார். அதிகாரி எங்களைக் கைகாட்டி நிறுத்தினார். யாரும் எதையும் தொடக் கூடாது என்றார். டின்னைப் பழைய இடத்தில் கொண்டு வைத்தேன். பட்டியல் எரிந்துபோன ஊரில் அந்தக் கல்தான் பட்டியல். நாலு மாதம் துப்பாக்கியோடு நின்று நான் காவல் காத்தது ஆளை அல்ல, கல்லை. சத்தம் இல்லாமல் நடந்தது என் திறமையால் அல்ல. ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் தொடவில்லை. அவ்வளவுதான்.

அந்நிய ஊரில் அதைப் புரிந்துகொண்டேன். சொந்த ஊரில் அலட்சியம் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலையிலயே 'முடியாது'ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, அந்த மனுசன் பொண்டாட்டியக் கொண்டாந்து நிப்பாட்டிட்டுப் போயிருப்பாரு. அவளும் வீட்டுலதான் சேறு அள்ளிக்கிட்டு இருந்தா. வாயத் தொறந்தா என்ன கொறஞ்சா போவும்?"

இருபது நாள் யோசித்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

அரிசியை மறுபடி தூக்கச் சொன்னாள். அவள் முன்னால், நான் பின்னால். எண்ணெய் தேய்க்கிறவர் வீட்டு வாசலில் சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர்த் தடம் இருந்தது. அவர் மனைவி வெளியே வந்தார். என் மனைவிதான் பேசினாள்.

"ஏட்டி, இந்தாளு பண்ணுன கூத்துக்கு இத வச்சிக்க. இனாமா ஒண்ணும் தரல. உங்களுக்கு லோடு வந்ததும் திருப்பிக் குடு. புள்ளயளுக்கு மொதல்ல பொங்கிப் போடு."

"சரிக்கா."

ஒரே வார்த்தையில் முடிந்தது. வீட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை. கூரையில் புகை வருகிற வரைக்கும் நான் தெருவில் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

இரண்டு நாளில் மீதி லோடு வந்தது. உண்மையாகவே வந்தது. நான் வரிசை பார்க்கப் போகவில்லை. எனக்குப் பதில் யாரும் நிற்கவும் இல்லை. பைகள் கிடந்தன. ஒருவரும் தொடவில்லையாம். எண்ணெய் தேய்க்கிறவர் அரிசி வாங்கி, நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் இப்போதும் என்னைக் கண்டால் நிற்பார். அருவியில் கூட்டம் எப்படி, லாட்ஜில் ஆள் உண்டா என்று கேட்பார். முன்னைக்கு இப்போது நல்ல பழக்கம் என்றே சொல்லலாம். ஆனால் ரேஷன் போடுகிற அன்றைக்கு நான் பக்கத்திலேயே நின்றாலும் என்னிடம் சொல்வதில்லை. பீடி சுற்றுகிற அக்காவிடம், "அக்கா, சாக்க பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுகிறார். அவர் என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தால்கூட இந்த அளவுக்கு எனக்கு உறைத்திருக்காது.