லாயிட் பிரென்னர்மன் வேலி போட்ட கதை

லாயிட் பிரென்னர்மனுக்கு வேலி என்றாலே ஆகாது. ஒஹையோவில் அவர் பிறந்த பண்ணையைச் சுற்றி முள்கம்பி ஓடும். பத்து வயதில், சர்ச்சுக்குக் குறுக்கு வழியில் போகிறேன் என்று அதைத் தாண்டி, கால்சட்டையின் பின்பக்கத்தைக் கம்பிக்குத் தானம் செய்தார். எல்லோரும் எழுந்து நின்று பாட வேண்டிய இடங்களில்கூட அன்றைக்கு அவர் உட்கார்ந்தே பாடினார். வேறு பிள்ளையாக இருந்தால் அடுத்த ஞாயிறே மறந்திருக்கும். லாயிட் மறக்கிற ரகம் இல்லை. அந்தக் கிழிசலை வைத்தே வாழ்க்கைக்கு ஒரு கொள்கை தைத்துக்கொண்டார்.

பிறகு ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் வேலை. கதவு ரப்பர் ஒழுங்காக ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றார். எங்கள் மேப்பிள் கிளென் குடியிருப்பில் வீடு வாங்கியதற்கு அவர் சொன்ன ஒரே காரணம், இங்கே ஒரு வீட்டுப் புல்வெளி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது என்பதுதான். வந்த இரண்டாம் வருடமே குடியிருப்போர் சங்கத்தின் தோற்றக் குழுவுக்குத் தலைவர் ஆனார். போட்டியே இல்லை, அந்தப் பதவியை வேறு யாரும் கையால்கூடத் தொடவில்லை.

தலைவர் ஆனதும் அவர் எழுதிய முதல் விதி இது: “வீட்டு மனைகளில் கண்ணுக்குத் தெரியும் வேலி எதுவும் கூடாது.” வேலி கூடாது என்றாலே போதுமே, கண்ணுக்குத் தெரியும் என்று எதற்கு, என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் வாசகத்துக்கு ஒரு கனம் இருக்கிறது என்றார் லாயிட். விதி நிறைவேறியது. அன்றிலிருந்து குப்பைத்தொட்டி தெருவைப் பார்த்து நின்றாலும், ஜனவரி பிறந்தும் கிறிஸ்துமஸ் விளக்கு தொங்கினாலும், அவர் வந்து கதவைத் தட்டுவார். தெருவில் நாய் அவிழ்ந்து ஓடினால் குழு உறுப்பினர் உடனே, அவிழ்ந்த நாய்களைப் பிடிக்கிற கவுண்டி நாய்க் காவலருக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி போட்டார். அப்போது அவரிடம் நாய் கிடையாது.

பக்கத்து வீடு பெவர்லி ஷ்ராம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியில் பார்த்தே பின்சீட்டுப் பிள்ளைகளை அடக்கியவர். அவரிடம் பட்டன் என்றொரு குட்டி டெரியர் நாய் இருந்தது. அதற்காக முழங்கால் உயரத்துக்கு வெள்ளை மரவேலி போட்டுக்கொள்ளக் குழுவிடம் அனுமதி கேட்டார். லாயிட் மறுத்தார். மறுத்ததோடு விட்டாரா, திறந்த மனமும் திறந்த புல்வெளியும் என்று அரைமணி நேரம் பேசினார். அந்த இலையுதிர் காலத்தில் பட்டன், பார்சல் கொண்டுவந்த வேனுக்கு அடியில் போய்விட்டது. லாயிட் ஒரு இரங்கல் அட்டை அனுப்பினார். அட்டையில் குழுவின் முத்திரை இருந்தது.

அதற்குப் பல வருடம் கழித்துத்தான் லாயிட்டின் மனைவி டார்லா, நாய்க் காப்பகத்திலிருந்து கிரேவியைக் கூட்டிவந்தார். காபி நிறம், தொங்கும் காது, ரக்கூன் வேட்டைக்குப் போகிற இனம். மூக்கு தரையில் பட்டுவிட்டால் காது கேட்காது. குரைக்காது, ஆலைச் சங்கு மாதிரி ஊதும். முப்பது வருடமாகப் புல்லைப் பற்றியே பேசுகிற ஒருவரோடு குடித்தனம் நடத்திய டார்லாவுக்கு, தான் சொல்வதைக் கேட்கிற ஜீவன் ஒன்று முதன்முதலாகக் கிடைத்திருந்தது. லாயிட்டும் அதன்மேல் பிரியமாகத்தான் இருந்தார். யாரும் பார்க்காதபோது தன் தட்டிலிருந்து, கொத்திறைச்சியில் சுட்ட மீட்லோஃப் துண்டைக் கீழே போடுவார்.

கிரேவி முதல் தடவை ஓடிப்போனபோது பள்ளிக்கூடச் சமையலறை வாசலில் பிடிபட்டது. இரண்டாம் தடவை, யார் வீட்டுத் திருமண விருந்திலோ மாட்டு விலா எலும்போடு பிடிபட்டது. கொண்டுவந்து விட்ட நாய்க் காவலர் கோனி சுற்றிவளைக்காமல் சொன்னார்.

“சார், இன்னொரு தடவ வெளியில பிடிச்சேன்னா என் கையில இல்ல. ஜட்ஜ்கிட்டப் போயிரும். மூணாவது தடவ போன நாய் எதுவும் வீட்டுக்குத் திரும்பி நான் பாத்ததில்ல.”

அவர் போனதும் டார்லா கதவைச் சாத்தினார்.

“மரவேலி போடு, லாயிட்.”

“விதி இருக்கே.”

“யாரு போட்டது?”

“குழு.”

“குழுன்னா யாரு?”

லாயிட் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தார்.

“இந்த நாய் போச்சுன்னா, நான் மட்டும் இங்க உக்காந்து ஒன்னோட புல்லப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நெனைக்காத,” என்றார் டார்லா. அவர் சும்மா மிரட்டுகிறவர் அல்ல என்பது லாயிட்டுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் டிராவிஸ் என்ற விற்பனைக்காரன் வந்து சேர்ந்தான். மண்ணுக்கடியில் கம்பி, கார் கொட்டகையில் ஒரு பெட்டி, நாய் கழுத்தில் ஒரு பட்டை. நாய் கம்பியை நெருங்கினால் பட்டை முதலில் ‘பீப்’ என்று எச்சரிக்கும். மீறினால் ஷாக் கொடுக்கும்.

“உங்க விதியில ‘கண்ணுக்குத் தெரியும்’னுதானே போட்டிருக்கு?” என்றான் டிராவிஸ். “எங்க வேலி தெரியவே தெரியாது சார்.”

லாயிட்டின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை டார்லா கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இந்த நாளை எதிர்பார்த்தே அந்தச் சொல்லைப் போட்டதாக அன்று மாலைக்குள் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

“இதெல்லாம் நிக்குமா?” என்று டார்லா கேட்டார்.

“பத்து நாய்ல ஒம்போது நிக்கும் மேடம்.”

“எங்களோடது அந்தப் பத்தாவது.”

கம்பி புதைத்த அன்று, ஷாக் ஒன்றும் கொடுமையில்லை என்று காட்ட, லாயிட் அந்தப் பட்டையைத் தன் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் எல்லையை நோக்கி நடந்தார். மறுகையில் காபி. பீப் ஒலித்தது. புன்னகைத்தார். இன்னும் ஓர் அடி வைத்தார். காபி சட்டையில் இருந்தது. கோப்பை ரோஜாச் செடியில் இருந்தது. “கொஞ்சம் கூசுது, அவ்வளவுதான்,” என்றார். சொல்லும்போது குரல் ஒரு கட்டை மேலே போயிருந்தது.

போவதற்கு முன் டிராவிஸ், கம்பி ஓடும் வழி நெடுக சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகளை நட்டான். நாயைக் கயிற்றில் பிடித்து வாரக்கணக்கில் அந்தக் கொடிகளின் ஓரமாக நடத்திப் பழக்க வேண்டும். கொடியைப் பார்த்து, பீப்பைக் கேட்டு, தானே திரும்பக் கற்றுக்கொள்ளும்வரை கொடி இருந்தாக வேண்டும். இதை அவன் இரண்டு தடவை சொன்னான். லாயிட்டும் இரண்டு தடவை தலையாட்டினார்.

கொடி நட்டு மூன்று நாள்கூட ஆகியிருக்காது. லாயிட் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது பெவர்லி தன் எல்லையில் வந்து நின்றார்.

“என்ன லாயிட், வேலி தெரியுதே?”

“அது வேலி இல்ல பெவர்லி. கொடி.”

“வெள்ளையா வரிசையா நிக்குது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பிரிக்குது. நான் கேட்ட வேலியும் வெள்ளதான். அத விடு, கண்ணுக்குத் தெரியுதா, தெரியலையா?”

அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் ‘வேலையைப் பாரும்மா’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். லாயிட் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர். தலைவர் வீட்டிலேயே விதிமீறலா என்று தெரு பேசிவிடுமே என்ற பயத்தில், அன்று சாயங்காலமே ஒரு கொடி விடாமல் பிடுங்கிக் கட்டிக் கொட்டகையில் போட்டார்.

“நாய் இன்னும் கத்துக்கலையே,” என்றார் டார்லா.

“அதுக்குப் புரிஞ்சிருச்சு. வேட்டை நாய், புத்திசாலி.”

கிரேவிக்குப் புரிந்தது வேறு. முந்தாநாள்வரை ஆபத்துக்கு அடையாளம் இருந்தது. இப்போது எங்கு பார்த்தாலும் பச்சை. தபால்பெட்டியை மோந்தால் அடித்தது. மேப்பிள் மரத்தடியில் காலைத் தூக்கினால் அடித்தது. எது எல்லை என்று தெரியாத நாய், எல்லாமே எல்லை என்று முடிவு செய்து வாசல் மிதியடியிலேயே குடியேறிவிட்டது. புல்லில் இறங்கவே மறுத்தது. ஒன்றுக்குப் போகக்கூட டார்லா அதைக் கட்டியிழுக்க வேண்டியிருந்தது. “பாத்தீங்களா, வேலி என்னமா வேலை செய்யுது,” என்று லாயிட் போகிற வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. டார்லா தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். குழு உறுப்பினர் ஹோவர்டுக்கு வேலியின் சிறப்பை லாயிட் விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது பெவர்லியின் பூச்செடிகளை மேய்ந்துகொண்டிருந்த மான் ஒன்று தலையைத் தூக்கியது. மிதியடியில் கிரேவியின் மூக்கும் உயர்ந்தது. அதன் பிறகு பீப் ஒலித்ததா என்று யாருக்கும் தெரியாது. கிரேவிக்கு நிச்சயமாகத் தெரியாது. வீல் என்று ஒரே ஒரு கத்தல். அடுத்த நொடி நாய் எல்லைக்கு அந்தப் பக்கம், மான் சாலைக்கு அந்தப் பக்கம்.

மான் மறைந்ததும் கிரேவி வீட்டுக்குத் திரும்பப் பார்த்தது. ஓடும்போது மானின் வாசனை இருந்தது, வலி தெரியவில்லை. திரும்பும்போது வாசனை இல்லை, வலி மட்டும் இருந்தது. ஓர் அடி வைத்தது, அலறிப் பின்வாங்கியது. இன்னொரு இடத்தில் முயன்றது, அங்கும் அதே அடி. கடைசியில் பெவர்லியின் புல்லில் நின்று, தன் வீட்டைப் பார்த்து ஊத ஆரம்பித்தது. நாயை உள்ளே வைக்கப் போட்ட வேலி, நாயை வெளியே வைத்துக் காவல் காத்தது.

லாயிட் கொட்டகைக்கு ஓடிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தார். “வா கிரேவி, ஒண்ணும் இல்ல, வா.” பெட்டி அணைந்தது நாய்க்கு எப்படித் தெரியும்? அவரே அந்தப் பக்கம் போய்க் கழுத்துப் பட்டைக்குக் கை நீட்டினார். அந்தக் கைதான் தினமும் பட்டையை மாட்டிய கை. கிரேவி நழுவி ஓடிப் பெவர்லியின் வாசல்படியில் போய் ஒண்டிக்கொண்டது.

ஹோவர்ட் கைப்பேசியைப் பையில் போட்டார். “கோனிக்குச் சொல்லிட்டேன், லாயிட். விதியாச்சே, நீதான எழுதுன.”

வேன் வந்து நின்றபோது கிரேவி பெவர்லியின் காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. பெவர்லி பட்டையைக் கழற்றி லாயிட்டின் புல்லில் எறிந்திருந்தார். கோனி இறங்கிவந்து நாயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“என்னடா, மறுபடியும் நீயா. சார், நான் சொன்னேனே.”

“இது அவரு நாய் இல்ல,” என்றார் பெவர்லி. “என் நாய். எனக்குக் குடுத்துட்டாரு.”

கோனி ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். அவர் முட்டாள் அல்ல. ஆனால் கெட்டவரும் அல்ல. “இவங்க நாய்னா, இவங்க இடத்துல நிக்குது, எனக்கு வேலையில்ல. உங்க நாய்னா இப்பவே ஏத்தணும். நீங்கதான் சொல்லணும் சார். உங்க நாயா?”

வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம்கூடப் பொய் சொல்லாத மனிதர் லாயிட். கிரேவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் டார்லாவின் கார் மெல்ல வந்து நின்றது, ஜன்னல் திறந்திருந்தது.

“இல்ல,” என்றார் லாயிட். “அது என் நாய் இல்ல.”

கோனி கிளம்புமுன், நாயின் உரிமப் பதிவைப் பெவர்லி பெயருக்கு மாற்றும்படியும், நாய் மறுபடி லாயிட் வீட்டுக்குத் திரும்பினால் பழைய கதைதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை லாயிட் நன்றி சொல்லி நாயைக் கூட்டிவரப் போனார்.

“எந்த நாய?” என்றார் பெவர்லி. “அதிகாரிகிட்ட நான் பொய் சொல்றதில்ல, லாயிட். நீ சொல்லுவியா?”

“நீங்க சொல்லித்தான நான் கொடியப் பிடுங்குனேன்.”

“குத்திக் காட்டத்தான் சொன்னேன். ஒரு நாய் உயிர் இருக்குறப்ப பிடுங்குவேன்னு நெனைக்கல. பட்டன் செத்தும் நீ ஒண்ணும் கத்துக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?” பிறகு எல்லைப் பக்கம் கையைக் காட்டினார். “ஆறடிக்கு மரவேலி போடப்போறேன். அடுத்த கூட்டத்துல கேப்பேன்.”

அடுத்த கூட்டத்தில், விதியை நீக்க யார் யார் சம்மதம் என்று கேட்டபோது டார்லா பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எழுந்த கை லாயிட்டுடையது. வேலி இல்லாவிட்டால் கிரேவி எந்த வேனில் போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்: கோனியுடையதாக இருக்கலாம், பார்சல்காரனுடையதாகவும் இருக்கலாம்.

வேலி வந்துவிட்டது. நல்ல தேவதாரு மரம், இடைவெளி இல்லாத பலகை. அதற்குள் கிரேவி நாள் முழுக்க ஓடுகிறது. ஓடும் சத்தம் கேட்கிறது, ஆள் தெரிவதில்லை. டார்லா தினமும் காலையில் அங்கே போய்விட்டு, கையில் நாய் முடியோடு திரும்புகிறார். லாயிட்டிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். நாயைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் லாயிட்டும் மீட்லோஃப் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். வேலிக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம். தட்டினார்.

“யாரது?” என்றார் பெவர்லி உள்ளிருந்து.

“நான்தான், லாயிட்.”

“குழு விஷயம்னா கூட்டத்துல பேசிக்கலாம்.”

“நாயப் பாக்கணும்.”

“அதுகிட்டக் கேட்டுப் பாக்குறேன்.”

கொஞ்ச நேரத்தில் பலகைக்கு அடியில் ஈரமான மூக்கு ஒன்று வந்தது. துணிப்பொட்டலம் இருந்த பக்கம் ஒரு தடவை இழுத்து மோந்தது. பிறகு அவருடைய கையை மோந்தது. அதன் பிறகு அந்த மூக்கு உள்ளே போய்விட்டது, திரும்பி வரவில்லை.