வெள்ளிக்கிழமைக் கோடுகள்

அந்த நட்டு அசைந்த நொடியை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஒரு பைக்கின் பின்சக்கர நட்டுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அன்றைக்கு அந்த ஒரு நட்டை நம்பி இரண்டு பெரிய தூக்கு நிறைய இட்லி மாவு பொங்கிக்கொண்டிருந்தது.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழ்ப்போர்ஷன் எங்களுடையது. மாவு அரைத்துக் கொடுப்பது பிழைப்பு. அரைப்பது என் மனைவி, கொண்டுபோய் ஊற்றுவது நான். ஞாயிறு பகலில் அரைத்தால் நாலரை, ஐந்துக்குப் பொங்கிவிடும். ஆறரைக்குள் ஆழ்வார்பேட்டை, கோபாலபுரம் என்று இருபத்தாறு வீட்டுக் கதவைத் தட்டி முடிக்க வேண்டும். அதைத் தாண்டினால் மே மாத வெயில் மாவைச் சும்மா விடாது, புளித்துப்போகும். எங்கள் குட்டி ஃப்ரிட்ஜில் மூன்று வீட்டு மாவுகூட அடங்காது. ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போக எந்த ஆட்டோவும் வராது. ஐந்து வருஷத்தில் ஒரு வீட்டிலிருந்தும் “மாவு புளிக்குது” என்று ஒரு சொல் வந்ததில்லை. அது அவள் சம்பாதித்த பெயர்.

வியாழக்கிழமையே வண்டியின் செயின் பல்லை விட்டு நழுவ ஆரம்பித்தது. தேய்ந்துவிட்டது. மெக்கானிக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். நான் புது செயின் செட் வாங்கிவந்து, சனிக்கிழமை சாப்பிடும்போது, “நாளைக்கு நானே மாத்திடறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வண்டிப் புத்தகத்தில் படத்தைத்தான் பார்ப்பேன். அதோடு, கேஸை மூடினேனா என்று மூன்று தரம் எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள். ஆனால் அந்த பயத்துக்கு அடியில் வேறொன்றும் குறுகுறுத்தது. நானே என் கையால் சக்கரத்தைக் கழற்றி மாட்டப்போகிறேன்! விடியும்வரை அதே நினைப்பு.

காலை பத்து மணிக்கு வண்டியைச் சந்துக்குக் கொண்டுவந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். பின்சக்கரத்தின் நடுநட்டில் ரிங் ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடித்து, அரை மணி ஊறவிட்டு மறுபடி அழுத்தினேன். சுத்தியலால் ஸ்பேனரைத் தட்டினேன். காலை வைத்து உதைத்தேன். ஸ்பேனர் வழுக்கி முழங்கை சைலன்சரில் இடித்ததுதான் மிச்சம்.

எதிரே இஸ்திரி வண்டிக்காரர். இருபது வருஷமாக எங்கள் சந்து முனையில் தேய்க்கிறவர். பெட்டியைப் பலகைமேல் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

“இன்னா நைனா, காலைலேர்ந்து வண்டிக்குக் கால் அமுக்கி உட்டுக்கினு கீற?”

“வரமாட்டேங்குது அண்ணே.”

“எந்தப் பக்கம் சுத்துற? கயட்டுறியா, மாட்டுறியா?”

சும்மாதான் கேட்டார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மணி நேரமாக இறுக்கிக்கொண்டிருக்கிறேனோ? உள்ளே ஓடித் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, நட்டுக்கு நேராகப் பிடித்து மூடியைத் திறந்து பார்த்தேன். சரியான பக்கம்தான். இன்னொரு தரம் மூடித் திறந்து பார்த்தேன். இஸ்திரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உள்ளே கிரைண்டர் ஓடி நின்றது. அவள் உப்புப் போட்டுக் கரைக்கிற சத்தம் கேட்டது. மாவுக்கு நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஸ்பேனரின் பிடி நீளமாக இருந்தால் பலம் கூடும் என்று தெரியும். பிடியில் சொருகக் குழாய்க்கு எங்கே போவது? மாடியில் வீட்டுக்கார மாமியின் பரணில் கொலுப்படி இருக்கிறது. இரும்புக் குழாய்களைச் சொருகி நிறுத்துகிற கொலுப்படி. கீழே நின்று கேட்டேன்.

“ஏண்டாப்பா, அம்பாள் உக்கார்ற படியைக் கொண்டுபோய் வண்டிச் சக்கரத்துல சொருகணுமா?” என்றார் மாமி, பால்கனியிலிருந்து.

“ஒரே ஒரு குழாய் மாமி. துடைச்சுக் குடுத்துடறேன்.”

“எங்காத்துக்கும் ஒரு லிட்டர் மாவு வரணும், அதனால தரேன். வளைச்சியோ, நவராத்திரிக்கு மரப்பாச்சியை உன் தலைலதான் வெப்பேன், சொல்லிட்டேன்!”

குழாய் ஸ்பேனரில் கச்சிதமாக நுழைந்தது. நான் துள்ளாத குறை. பின்சக்கரம் தொங்கி ஆடாமலிருக்க அடியில் மணைப்பலகையைக் கொடுத்தேன். குழாயின் முனையில் என் முழு எடையையும் போட்டேன். குழாய் முனகியது. மரப்பாச்சி கண்முன்னால் வந்தாள். இறங்கிவிட்டேன்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நட்டைக் குனிந்து பார்த்தாள். முந்தானையால் கிரீஸைத் துடைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“யோவ், இது இன்னா? இஞ்ச் டேப்பு மாதிரி கோடு கோடா கீது?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கோடுகள் நான் போட்டவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ராயப்பேட்டை ஹைரோட்டில் எனக்கு முன்னே போன மீன்பாடி மூன்றுசக்கர வண்டியின் ஒரு சக்கரம் கழன்று தன்பாட்டுக்கு ஓடியதைப் பார்த்தேன். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றியதும் நான் ஸ்பேனரோடு வாசலுக்கு வந்துவிடுவேன். சக்கர நட்டு நகர்ந்தால் தெரியட்டும் என்று, நட்டிலும் அதை ஒட்டிய இரும்பிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தேன். கோடு நேராகத்தான் இருக்கும். இருந்தாலும் மனசு கேட்காது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு இழுப்பு இழுப்பேன். என்றைக்காவது நட்டு மயிரிழை நகர்ந்து கோடு விலகிவிடும். உடனே நட்டில் புதுக்கோடு. அப்படி ஒன்பது கோடுகள்.

“துரு புடிச்சிக்கிச்சுன்னு காலைலேர்ந்து கத்துற. இது துரு இல்லய்யா. நீ!” என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “மணி ரெண்டே கால். மாவு தலை தூக்கிருச்சு.”

தெருவில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு கெட்டியாக நான் வேறெதையும் செய்ததில்லை. போயும் போயும் அது அவள் பெயரைக் கெடுக்கப்போகிறது.

அவள் இடுப்பில் கைவைத்து நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கின டம்ளர்தானே இது” என்றாள்.

எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஈரத்தோடு அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு இறுகிக்கொள்ளும். உள் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றி வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் நிறுத்தினால், வெளியே இருப்பது விரியும், உள்ளே இருப்பது சுருங்கும், கையோடு வந்துவிடும். நட்டு வெளி டம்ளர். அதற்குள் போகிற இரும்புக்கம்பி உள் டம்ளர். எனக்குப் புரிந்த வேகத்தில் எழுந்தேவிட்டேன்!

“சுடுதண்ணி பத்தாது” என்று இஸ்திரிக்காரரிடம் திரும்பினாள். “அண்ணே, பொட்டில கங்கு கீதா?”

“கங்கா? பெட்ரோல் வண்டில கங்கா?” என்று கத்தியது நான்.

“டேங்க் எங்க கீது, நட்டு எங்க கீது? குறுக்கால பூராம உன் பொண்டாட்டி சொல்றத கேளு மச்சி” என்று அவர் இடுக்கியை எடுத்துவிட்டார்.

நான் பெட்ரோல் குழாயை மூடினேன். மூடியதைத் தொட்டுப் பார்த்தேன். டேங்க் மேல் ஈரச்சாக்கு, டயர் மேல் ஈரச்சாக்கு, பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பக்கெட் மண். மாமி மாடியிலிருந்து, “தண்ணி இன்னொரு வாளி தரட்டுமா?” என்றார். அதையும் வாங்கி வைத்தேன்.

இஸ்திரிக்காரர் சிவந்த கங்கை இடுக்கியில் எடுத்து நட்டின்மேல் வைத்துப் பிடித்தார். ஆறினால் அடுத்த கங்கு. கிரீஸ் புகைந்தது. சக்கரத்தின் மறுபக்கம், கம்பியின் தலையில் அவள் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி அழுத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் ஐஸ், நடுவில் நான் கொலுப்படிக் குழாயோடு. பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

“இப்ப!” என்றாள். சட்டென்று ஓடிவந்து, வண்டி அசையாமலிருக்க சீட்டின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். இஸ்திரிக்காரர் விலகினார். குழாயை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

டக்!

போச்சு, ஒடிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைத் திறக்கப் பயம்.

“யோவ், கோட்டப் பாரு!”

பார்த்தேன். கடைசியாகப் போட்ட கோடு இடம் மாறியிருந்தது. இன்னொரு அழுத்து. எட்டாவது கோடு வந்து நின்றது. அப்புறம் ஏழாவது. ஆறாவது. ஒவ்வொரு கோடாகப் பின்னோக்கிப் போய் முதல் கோடு தாண்டியதும் நட்டு லேசாகிவிட்டது. ஈரத்துணியைச் சுற்றிக் கையாலேயே சுழற்றினேன். “வந்துடுச்சு! வந்துடுச்சு மாமி!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். மாமி கைதட்டினார். இஸ்திரிக்காரர் என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

மீதி வேலை ஓட்டமாக முடிந்தது. பல்சக்கரத்தின் போல்ட்டுகள் தொட்டதும் கழன்றன. வெள்ளிக்கிழமைகளில் என் கண்ணில் படாத இடத்தில் இருந்ததால் பிழைத்தவை! புது செயினைப் போட்டு, சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கினேன். முதல் கோடு நேருக்கு வந்தது. இன்னும் ஒரு இழுப்பு என்று கை தானாகப் போனது. அவள் ஸ்பேனர்மேல் கையை வைத்தாள்.

“போதும்.”

ஐந்து மணிக்கு மாவு தூக்கின் விளிம்பு வரை வந்துவிட்டது. லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கும்போது இறங்கிப் பார்க்கலாமா என்று இருந்தது. பார்க்கவில்லை. கோபாலபுரத்தில் கடைசி வீட்டு அம்மா மாவை முகர்ந்துவிட்டு, “இன்னிக்குத்தான் பதம்” என்று உள்ளே எடுத்துப் போனார். மணி ஆறு இருபது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வண்டி ஓரமாகக் குனிந்தேன். முதல் கோடு நேராக இருந்தது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பக்கப்பெட்டியில் ஸ்பேனரைத் தேடினேன். அங்கே ஸ்பேனர் இல்லை. அது இருந்த இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு டம்ளர்கள் இருந்தன.

நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.