மூடினால் அழிந்துவிடும்

முகவரிப் பட்டையில் நான் ஒரே ஒரு எழுத்துதான் அடித்தேன். பிளஸ் டூ முடிவு பார்க்க அக்காவின் பிரவுசிங் சென்டருக்கு வந்திருந்த நாள் அது. அந்த எழுத்தில் தொடங்கும் முகவரிகளெல்லாம், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனவையெல்லாம், சட்டென்று ஒரு பட்டியலாகக் கீழே இறங்கின. ஒரு எழுத்தில் இத்தனை அசிங்கம் தொடங்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் நாற்காலிக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் என்பது எங்கள் கெட்ட நேரம். ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டார். கடைக்காரியான அக்கா ஓடிவந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் மானிட்டர் சுவிட்சை அமுக்கினாள். பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் இருட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "இன்னாம்மா கடை வெச்சிருக்கே நீ? பொம்பளப் புள்ளைங்க வர்ற எடமா இது?" என்றார் அப்பா. "சத்தியமா எனக்குத் தெரியாது சித்தப்பா" என்றாள் அக்கா. அவள் முகம் அப்படிச் சிவந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் என் பெரியப்பாவின் மகள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் பல வருடம் இருந்தவள். டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, தைத்து வரும் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் உண்டா, ஊசி தப்பி விழுந்த ஓட்டை உண்டா என்று தேடுகிற வேலை. "டௌட்டா இருந்தா ரிஜெக்ட்" என்பதுதான் அங்கே சட்டம். அது அவள் வாய்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டாலும் அதையே சொல்லிச் சிரிப்பாள். கழுத்து வலி வந்து நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு, பஜார் தெருவில் ஒரு மாடியைப் பிடித்து பிரவுசிங் சென்டர் திறந்தாள். கீழே ஷூவுக்கு நூலும் பசையும் விற்கும் கடை. படியேறி வருகிறவர்கள் பசை வாசனையோடுதான் வருவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏற்கெனவே ஒரு சென்டர் இருந்தது. திரைச்சீலை போட்ட அறைகள், உள்ளே யார் என்ன பார்க்கிறார் என்று வெளியே தெரியாது. அந்தப் படியில் கால் வைத்த பெண்ணின் பெயர் சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் இருக்கும். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் யாரும் ஒரு சொல் சொல்லிவிடாமல் வந்து உட்கார ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அக்காவின் ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசை என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா திட்டிவிட்டுப் போன மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு மிஷின்களுக்கு நடுவில் இருந்த பிளைவுட் தடுப்புகளையெல்லாம் பிரித்துப்போட்டாள். மானிட்டர்களை எல்லார் கண்ணிலும் படும்படி அறையைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். காட்பாடி ஸ்டேஷன் புத்தகக் கடையில் சிடியோடு வரும் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையை வாங்கி வரச் செய்தாள். அப்போதிருந்த போன் லைனில் எதையும் இறக்குவதற்குள் விடிந்துவிடும் என்பதால் அந்த சிடிதான் கதி. அதில் நரிப் படம் போட்ட புது பிரவுசர் இருந்தது. அதோடு சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்களும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நான் நேரே அங்கே போய்விடுவேன். அவள் செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டுவாள், நான் அகராதியைப் பார்த்து அர்த்தம் சொல்லவேண்டும். குக்கீ என்ற இடத்தில் இருவரும் மாட்டிக்கொண்டோம். "குக்கீன்னா பிஸ்கட்டுதானே? அத எதுக்கு நம்ம கம்ப்யூட்டர்ல வெச்சிட்டுப் போறான்?" என்று கேட்டாள். நாம் யார், என்ன பார்த்தோம் என்று அந்தத் தளம் அடையாளம் வைத்துக்கொள்ளத்தான் என்று எனக்குப் புரிந்தவரை சொன்னேன். "அடுத்தவன் வீட்ல வந்து பிஸ்கட் வெச்சிட்டுப் போறவன் நல்லவனா இருப்பானா? ரிஜெக்ட்" என்று டிக்கை எடுத்துவிட்டாள். மறுநாள் ஒருவருக்கும் மெயில் திறக்கவில்லை. பிறகு தெரிந்த தளங்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தாள். விளம்பரம் தடுக்க ஒன்று, தானாகத் திறக்கும் ஜன்னல்களை நிறுத்த ஒன்று, பக்கத்துக்குள் ஒளிந்து ஓடும் நிரல்களை நிறுத்த ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனாள். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு மிஷினாகப் போய் உட்கார்ந்து, எல்லா டிக்கும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். கம்பெனியில் ஷூவைப் பார்த்த அதே பார்வைதான். கைதான் வேறு வேலைக்கு மாறியிருந்தது.

அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரு கட்டம். பிரவுசரை மூடியதும் பார்த்த பக்கங்கள், அடித்த எழுத்துகள், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொல்லும் கட்டம் அது. இரும்புப் பெட்டி வாங்கி வைத்ததுபோல அதைப் பற்றிப் பெருமைப்படுவாள். புதிதாக வரும் பெண்களிடம், "மூடினா அழிஞ்சிரும்மா. நீ பாத்தது உன்னோட போய்டும். அடுத்து உக்கார்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எனக்கே தெரியாது" என்பாள். எங்கள் ஊரில் ஒரு பெண் பார்த்தது அவளோடு போய்விடுமாம்! யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூடத் தெருமுனைக்குத் தெரிந்துவிடும் ஊர் இது. யாரிடமும் கேட்க முடியாத நோயைப் பற்றி, பெங்களூரில் இருக்கும் ஒரு படிப்பைப் பற்றி, மாமியாருக்குத் தெரியாமல் ஒரு வேலைக்கு விண்ணப்பிப்பதைப் பற்றிப் பெண்கள் அங்கே உட்கார்ந்து தேடினார்கள். மூடிவிட்டு எழும்போது அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். என் முகத்திலும் அது இருந்திருக்கும். பிராட்பேண்டு லைன் வந்த பிறகு, துபாயில் இருக்கும் மகனோடு வெப்கேமில் பேச புர்கா போட்ட அம்மாக்கள் வந்தார்கள். பையன்கள் வருவது கம்மியானது. "அக்கா கடை கோயில் மாரிடா, செருப்ப கழட்டிட்டுதான் கிளிக் பண்ணணும்" என்று கிண்டல் செய்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள். போகட்டும் சனியன்கள் என்று நான் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

அடுத்த தெருவில் தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் தன் மகளை அங்கேதான் அழைத்து வருவார். மகளிர் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த பெண். மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். பாய் வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து உருது பேப்பர் படிப்பார். சில மாதம் கழித்து அவளைத் தனியே அனுப்பத் தொடங்கினார். "உங்க கடைன்னா பேஜாரில்லம்மா, நம்ம வீடு மாரி" என்று அவர் சொன்னதை அக்கா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! விண்ணப்பத்துக்காக அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை அக்காதான் ஸ்கேன் செய்து கொடுத்தாள். பிரவுசரை மூடினாள், எல்லாம் அழிந்தது. ஸ்கேனர் அந்தப் படத்தைத் தானாக ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தது. அது பிரவுசருக்கு வெளியே இருக்கும் சங்கதி. அங்கே டிக் போட ஒரு கட்டமும் இல்லை. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எவனோ அந்த மிஷினில் உட்கார்ந்தவன் அந்தப் படத்தை எடுத்திருக்கிறான். நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் தளம் ஒன்றில் அவள் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, அந்தப் படத்தைப் போட்டு, எழுதக் கூசும் சொற்களை அவளே சொல்வதுபோல எழுதி, மண்டியின் போன் நம்பரையும் கீழே கொடுத்துவிட்டான். மண்டி போனில் கண்ட கண்டவன் பேசத் தொடங்கிய பிறகுதான் பாய்க்கு விஷயம் தெரிந்தது. போலீஸில் சொன்னார். தளத்துக்காரர்களிடம் கேட்டு, எந்த இணைப்பிலிருந்து அது போடப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். அக்கா கடை இணைப்பு.

விசாரிக்க வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அவரோடு வந்த பையன் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் நீட்டா துடைச்சிருக்கு சார், ஒண்ணுமே இல்ல" என்றான். கடைக்கு வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டைக் கேட்டார்கள். பையன்கள் அதில் நடிகர்கள் பெயரைத்தான் எழுதிவிட்டுப் போவார்கள், அது ஊருக்கே தெரியும். அதிகாரி அக்காவைப் பார்த்து, "ஏம்மா அழிச்சே? இன்னா மறைக்கிறே?" என்று கேட்டார். "நான் அழிக்கல சார். அதுவா அழியற மாரி வெச்சிருக்கேன். புள்ளைங்களுக்காகத்தான் சார்" என்றாள் அக்கா. "எந்தப் புள்ளைக்கு?" என்றார் அவர். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். படத்தை எடுத்தவன் எந்த மெயிலில் நுழைந்தான், என்ன பெயரில் நுழைந்தான் என்பதெல்லாம் கொஞ்ச நேரமாவது அந்த மிஷினுக்குள் இருந்திருக்கும். வேலை முடிந்து அவன் பிரவுசரை மூடியதும், அக்கா தன் கையால் போட்ட அந்த டிக் அவனையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டது. அவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. இப்போது எங்கேயோ நல்ல கணவனாக, நல்ல அப்பாவாக, தன் மகள் போனில் என்ன பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். நாசமாய்ப் போகட்டும்.

பாய் ஒருநாள் தனியாகப் படியேறி வந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தோம். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்றுகொண்டு, "நீ கெட்டவ இல்லம்மா. அது எனக்குத் தெரியும். ஆனா உன் கடைல யாரு உக்காந்தான்னு உனக்கே தெரியலயே. அப்புறம் நான் இன்னான்னு நம்பி அனுப்புவேன்?" என்றார். அக்கா கும்பிட்டாள். அவர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்தப் பெண் நுழைவுத் தேர்வு எழுதவில்லை. கல்லூரிக்கும் அதற்கப்புறம் அனுப்பவில்லை. அவசர அவசரமாக ஒரு இடம் பார்த்து நிக்காஹ் முடித்து அனுப்பிவிட்டார்கள். கடைசிப் பரீட்சைக்காவது அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று அக்கா அவர்கள் தெருவரைக்கும் போய்விட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வந்தாள்.

கடைக்குப் பெண்களை அனுப்புவதை அவரவர் வீட்டில் நிறுத்தினார்கள். சண்டை இல்லை, பேச்சில்லை, யாரும் வரவில்லை, அவ்வளவுதான். வெப்கேம் அம்மாக்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். "அந்தம்மாவே அழிச்சிட்டாங்களாமே" என்ற பேச்சு மட்டும் ஊரில் சுற்றியது. பஸ் ஸ்டாண்டு சென்டரில் அறைகளும் திரைச்சீலைகளும் அப்படியே இருந்தன, கூட்டம் ஜாஸ்தியானது. அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா அப்போதும் காலையில் வந்து, ஆள் வராத மிஷின்களைப் போட்டு, செட்டிங்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டத்தில் டிக்கை எடுப்பாள், யோசிப்பாள், மறுபடி போடுவாள். டிக்கை எடுத்துவிட்டால் வருகிற பெண்ணுக்கு ஆபத்து, போட்டு வைத்தால் தனக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டமும் அந்த பிரவுசரில் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். மிஷின்களை ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்காரர் எடுத்துக்கொண்டு போனார். கழுத்து வலியோடு அக்கா மறுபடி ஒரு கம்பெனியில் செக்கிங்குக்குப் போனாள்.

இப்போது நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது அக்காவைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். கையில் ஒரு பழைய டச் போன். ஒரு படத்தைக் காட்ட அதை எடுத்தவள் தொட்டுவிட்டுக் காத்துக்கொண்டே இருந்தாள், திறக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். இடம் துளியும் இல்லை. வந்த எஸ்எம்எஸ் எல்லாம் இருந்தன. பேங்க் குறுஞ்செய்திகள், கடன் வேண்டுமா என்று கேட்டவை, குட்மார்னிங் பூக்கள், பிரவுசரில் பார்த்த பக்கங்கள், தொட்ட விளம்பரங்கள், எதுவும் அழிக்கப்படவில்லை. "இன்னாக்கா இது, குப்பைத் தொட்டியா? குடு, ரெண்டு நிமிஷத்துல துடைச்சுக் குடுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே கையை வைத்தேன். அக்கா வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் என்னிடம் எதையும் அப்படிப் பிடுங்கியதில்லை.

"வேணாம்மா. ஒண்ணும் அழிக்காத. ஸ்லோவா இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றாள். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு எனக்கு ஏதோ பாடம் விளக்குவதுபோல மெல்லச் சொன்னாள்: "நாளைக்கே யாராச்சும் வந்து கேட்டா, எல்லாத்தையும் எடுத்துக் காட்டணும்ல?"

இத்தனை வருடத்தில் யாரும் வந்து கேட்டதில்லை. அவள் காட்ட எடுத்த படம் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.