தையல் டின்னில் ஒரு கறுப்புப் பொத்தான்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரில் விட்டு வந்த காணிகளைப் பார்த்து வர எங்கள் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். வீட்டுக்கு இரண்டு இடம். ஒன்று வாப்பாவுக்கு. "மற்றதில பிள்ளைகள்ல ஒண்டு வரட்டும். நாளைக்குக் காணி எதெண்டு தெரியாம நிக்கப்படாது" என்றார் வாப்பா. நாங்கள் நான்கு பேர், நால்வரும் வந்து குடியேறிய கற்பிட்டியில் பிறந்தவர்கள். ஊர் என்பது உம்மா சோறு ஊட்டும்போது சொன்ன கதைதான். அதனாலேயே அதைப் பார்க்கத் துடியாய்த் துடித்தோம்.

யார் போவதென்று எங்களுக்குள் சண்டை முற்றியதும் உம்மா தையல் மெஷினை நிறுத்தினார். மூன்று வெள்ளைப் பொத்தானும் அதே அளவில் ஒரு கறுப்பும் தேடியெடுத்துத் தையல் டின்னில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கறுப்பு வந்தவருக்கு வேன். மூத்தவரிலிருந்து தொடங்கும் என்றதும் பத்து வயதுக்காரி நான் அழுதேன். முதலில் அண்ணன் நானா, பிறகு அக்கா ராத்தா, மூன்றாவதாய் நான், கடைசியில் தம்பி. முன்னால் எடுப்பவர்கள் கறுப்பைக் கொண்டுபோய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்?

நானா கணக்கில் புலி. "மடச்சி, ஆர் முதல் எடுத்தாலும் நாலுல ஒண்டுதான்" என்றார். நான் நம்பவில்லை. டின்னோடு மூலையில் குந்தி, நால்வருக்காகவும் நானே எடுத்து எடுத்துக் கொப்பியில் குறித்தேன். நாற்பது தடவையில் எனக்குப் பதினொரு தடவை கறுப்பு விழுந்தது. நானா சொன்னது ஏறக்குறைய சரிதான். அதற்குப் பிறகே சம்மதித்தேன்.

நானாவுக்கு வெள்ளை. ராத்தாவுக்கும் வெள்ளை. இனி இரண்டில் ஒன்று என்று மனசு சொல்ல, கண்ணை இறுக மூடி டின்னுக்குள் கையை விட்டேன். எனக்குக் கறுப்பு வந்தது. தம்பி டின்னை உதைத்துவிட்டு ஓடினான். உம்மா என்னைக் கட்டிக் கொஞ்சினார்.

ஊரில் இருந்தது காடுதான். வாப்பா பற்றையை வெட்டி வெட்டி எல்லையைக் காட்டினார். எனக்கு வேனில் கொடுத்த பிஸ்கட்டிலேயே கண்.

திரும்பி வந்ததும் உம்மா கேட்டார்: "கிணத்தடியில ஒரு மாதுள நிண்டது. இருக்குதா மகள்?"

"பாக்கல்ல உம்மா."

"சரி, போகட்டும்" என்று மெஷினுக்குப் போய்விட்டார்.

அந்தக் காணியில் இருந்தது உம்மா பிறந்த வீடு. பதினேழு வயதில் உடுத்த உடுப்போடு விட்டு வந்தது. நாற்பது தடவை எடுத்துப் பார்த்த எனக்கும் சரி, கணக்கில் புலியான நானாவுக்கும் சரி, அந்த டின்னில் ஐந்து பொத்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.