மச்சானுடைய ஹார்ட் டிஸ்க்

கம்பியூட்டர்ப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து சூடான தூசியின் மணம் வரும். வெயிலில் காய்ந்த சாக்கும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த மணத்தில், கடற்கரைக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் கொஞ்சம் உப்பு ஈரமும் சேர்ந்திருக்கும். பதின்மூன்று வயதில் எங்கள் தெருவிலேயே அந்த மணத்தை நன்றாக அறிந்த பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம் என் கெட்டித்தனமல்ல, உம்மாவின் சந்தேகம்.

உம்மா எதையும் நம்பமாட்டார். மீன்காரன் செவுளைத் திறந்து காட்டினாலும் தானும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார். தைக்கக் கொடுத்த துணி திரும்பி வந்தால், மிச்சத் துண்டை எங்கே என்று கேட்டு வாங்கி, உடுப்போடு சேர்த்து அளந்து பார்ப்பார். "வெளுத்ததெல்லாம் பாலில்ல மகள்" என்பதை ஒரு நாளைக்கு ஒருதரமாவது சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே கம்பியூட்டர் பழுதுபட்டால், அதைக் கல்முனைக் கடைக்கு ஏற்றுமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் இருந்த பல வீடுகளில் அதுதான் அன்றைய வழக்கம். கலியாண வீட்டுப் படங்களும் பெருநாள் படங்களும் அதற்குள் இருந்தன. கடைப் பொடியன்மார் அவற்றைக் "கொப்பி அடித்து" விடுவார்கள் என்று ஊரே பயந்தது. கடைக்காரர் சிரிப்பார்: "எல்லாரும் மூளைய ஊட்ட வெச்சிட்டு மண்டைய மட்டும் கொண்டு வாறீங்க. நான் என்னத்தத் திருத்திற?" வாப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வருவார்.

கழற்றுவதும் மறுபடி பொருத்திக் கொழுவுவதும் என் வேலையாயிற்று. அகலமான சாம்பல் நிற நாடா வயர் ஒன்று, அதன் ஒரு கரையில் சிவப்புக் கோடு ஓடும். அந்தச் சிவப்பு எப்போதும் கரண்ட் வயர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கரண்ட் வயரின் வெள்ளைத் தலை பிடிவாதம் பிடித்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துத்தான் இழுக்க வேண்டும். நாடாவைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் உள்ளே வரிசையாக நிற்கும் ஊசிகள் வளைந்துபோகும், பிறகு அந்த டிஸ்க் அவ்வளவுதான். இதையெல்லாம் நான் செய்யும்போது உம்மா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டே நிற்பார், என்னையும் நம்பாமல்.

இந்த வீட்டுக்குத்தான், எனக்கு மூத்தவளான ராத்தாவைக் கலியாணம் முடித்த மச்சான் வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அவர் அக்கரைப்பற்றுக்காரர், அங்கே ஒரு கம்பியூட்டர் கிளாஸில் படிப்பித்தார், காலையில் பஸ்ஸில் போய் மாலையில் வருவார். அவரைத் தேர்ந்தெடுத்ததில் உம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிவாசலில் விசாரித்து, கடைத்தெருவில் விசாரித்து, தரகரைக் குறுக்கு விசாரணை செய்து, "சல்லடையில அரிச்செடுத்த மாப்புள" என்று சொல்லித் திரிந்தார்.

அந்த மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடும், முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றிய தன் சொந்த ஹார்ட் டிஸ்க்கோடும் வந்தார்.

சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. மாலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு மச்சான் பெட்டியைத் திறப்பார். எங்கள் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைப்பார், தன்னுடையதைக் கொழுவுவார், வேலையை முடித்ததும் தன்னுடையதைக் கழற்றி எங்களுடையதை மறுபடி கொழுவி, நாடா வயரை மடித்துச் செருகி, தகட்டை மூடிவிட்டு எழும்புவார். அவருடைய டிஸ்க் லேஞ்சிக்குள் போய், ராத்தாவின் அலுமாரிக்குள் போய்விடும். ஒருநாள்கூட மறந்து வைத்துவிட்டுப் போனதில்லை. கிளாஸ் பாடங்கள் என்று ராத்தா சொன்னாள். பாடத்தை யாராவது லேஞ்சியில் சுற்றிப் பூட்டி வைப்பார்களா? நானும் உம்மாவின் மகள்தானே, எனக்கும் அரிக்கத் தொடங்கியது.

உம்மா முடிவே கட்டிவிட்டார். "வேற ஒருத்தி இரிக்காள். இல்லாட்டி இவ்வளவு ஒளிப்பு மறைப்பு எதுக்கு?" பிறகு குரலை இறக்காமலே சொன்னார்: "அப்பிடி ஏதும் இருந்திச்சோ, இண்டைக்கே பாயச் சுருட்டிக் குடுத்து அனுப்புவன். ஊர் கதைச்சாக் கதைக்கட்டும்." உம்மா சொன்னால் செய்வார். ராத்தாவின் கலியாணம் அந்த லேஞ்சிக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டால் எங்கள் தெருவில் பெண்கள் மட்டும்தான். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள் என்பது நிச்சயம். வாப்பாவும் மச்சானும் படலையைச் சாத்திக்கொண்டு போனதும் உம்மா அலுமாரிச் சாவியோடு வந்தார்.

"உம்மா, வேணா. அது அவர்ர சாமான்" என்றாள் ராத்தா. முகம் வெளிறிப் போயிருந்தது.

"அவர்ர சாமான் எண்டா என்ர ஊட்ட என்னத்துக்கு?"

ராத்தா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு முன்பே தெரியும், புருசனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. கோபம் கோபமாக வந்தது, அவள்மேல் பாவமாகவும் இருந்தது.

மச்சான் செய்வதுபோல எங்களுடையதைக் கழற்றி அவருடையதைக் கொழுவினேன். திரை வந்தது, கடவுச்சொல் கேட்டது. ராத்தாவின் பெயரைப் போட்டேன், சரிவரவில்லை. அப்போதுதான் வேறொரு வழி புத்தியில் பட்டது. ஒரே நாடாவில் இரண்டு டிஸ்க் கொழுவலாம். எங்களுடையது எழும்பினால் அவருடையது கேள்வி கேட்காமல் கூடவே எழும்பும். எங்களுடையதை நாடாவின் நுனியிலும் அவருடையதை நடுவிலும் கொழுவினேன். திரை கறுப்பாகவே நின்றது. இரண்டையுமே அது காணவில்லை.

"மந்திரிச்சு வெச்சிருக்கானோ?" என்றார் உம்மா.

மந்திரமில்லை. டிஸ்க்கின் பின்னால் அரிசி மணியளவு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும், அதை எந்த ஊசியில் போடுகிறோமோ அதைப் பொறுத்து டிஸ்க் "மாஸ்டர்" அல்லது "ஸ்லேவ்" ஆகும். இரண்டும் மாஸ்டராக இருந்தன. ஒன்றை மற்றதுக்குக் கீழே போட வேண்டும் என்று உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அதானே. ஒரு ஊட்டுக்குள்ள ரெண்டு எசமான் எப்பிடி இரிக்கிற? அவன்டயக் கீழ போடு."

முள்ளெடுக்கும் சாமணத்தால் மூடியை எடுத்து மாற்றிப் போட்டேன். இரண்டும் எழும்பின. கிளாஸ் பாடங்கள் இருந்தன, உண்மையாகவே நிறையப் பாடங்கள். அவற்றுக்கு அடியில் படங்கள் நிரம்பிய ஒரு ஃபோல்டர் இருந்தது. முதல் படத்தில் பிள்ளைகள் தனியாகப் பாடம் படிக்கும் ஒரு டியூட்டரிக் கொட்டில், உட்காரும் வாங்குகள். இரண்டாவதில் வெள்ளைப் பாடசாலை உடுப்பும் வெள்ளைப் பர்தாவுமாக ஒரு பெண், முதுகு மட்டும்.

"ஆரிவள்?" உம்மாவின் கை என் தோளை இறுக்கியது. "அடுத்ததக் காட்டு."

அந்தக் கம்பியூட்டர் மெதுவானது. படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். பர்தாவின் விளிம்பு வந்தது, நெற்றி வந்தது, புருவம் வந்தது. கண்கள் வந்ததும் உம்மாவின் பிடி தளர்ந்தது. கெமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது ராத்தா.

குத்பா ஓடிக்கொண்டிருந்தது. உம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இது எப்ப எடுத்த?"

"ஏ.எல். சோதின முடிஞ்ச அண்டைக்கு" என்றாள் ராத்தா. "அவரும் அந்த கிளாஸ்தான். மூணாந்தரம் எழுத வந்தவர்."

"அப்ப மாப்புள பேசி வந்தது?"

"அதுக்குப் பொறகுதான்."

"நான் விசாரிச்சனே. பள்ளியில, கடையில, தரகருக்கிட்ட..."

ராத்தா அழத் தொடங்கியிருந்தாள், ஆனாலும் பதிலை விழுங்கவில்லை. "தரகர அனுப்பினதே அவர்தான் உம்மா. நீங்க ஆருக்கிட்டக் கேப்பீங்க எண்டு நான்தான் சொல்லிக் குடுத்த. அவரத் தப்பா நினைக்காதீங்க. அந்தப் படங்கள அழிக்கச் சொல்லி நான் கெஞ்சினன், அவருக்கு மனம் வரல்ல."

ஊரிலேயே ஏமாறாத பெண் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தொழுகை முடியும் சலாம் ஒலிபெருக்கியில் கேட்டதும் "கழட்டு, கழட்டு" என்றார். மூடியை மாற்றி, அவருடையதை இறக்கி, எங்களுடையதைத் தனியே கொழுவி, நாடாவைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் செருகுவதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

உம்மா மருமகனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சோறு போடுவதென்றாலும் ராத்தாவிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அன்று பகல் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, இறைச்சிக் கறிக் கோப்பையோடு தானே வெளியில் வந்தார்.

"மகன்" என்றார், நிலத்தைப் பார்த்தபடி. "அந்த டிஸ்க் ரெண்டையும் ஒண்டாவே கொழுவி வையுங்க. கழட்டிக் கழட்டி ஊசி வளஞ்சிரும்."

மச்சானின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் ராத்தாவைப் பார்த்தார், ராத்தா நிலத்தைப் பார்த்தாள், வாப்பா மட்டும் ஒன்றும் விளங்காமல் எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்தார். அன்று மாலை இரண்டு டிஸ்க்கும் ஒரே நாடாவில் ஏறின, பிறகு இறங்கவேயில்லை.

ராத்தா தப்பினாள். மாட்டுப்பட்டவள் நான். உம்மாவின் சந்தேகம் முழுவதும் திரும்பி என் தலையில் வந்து இறங்கியது. நான் கம்பியூட்டரில் இருந்தால் பின்னால் கதிரை போட்டு மரக்கறி நறுக்குவார். டியூட்டரிக்குக் கூடவே வந்து, வாசலில் நின்று பையன்களின் வாங்கை எண்ணுவதுபோலப் பார்ப்பார். என் ஏ.எல். முடியும் வரை எந்தப் பையனின் முகமும் எனக்கு ஒழுங்காகத் தெரியாது.

இப்போது அந்தச் சாம்பல் நாடாக்கள் எந்தப் பெட்டியிலும் இல்லை. மெல்லிய வயர்கள் வந்தன, பிறகு அவையும் குறைந்தன. மாஸ்டருமில்லை, ஸ்லேவுமில்லை, சாமணத்தால் எடுக்க ஒரு மூடியுமில்லை. படங்களைக் கழற்றி அலுமாரியில் வைத்த காலமும் போய்விட்டது. எல்லோரும் எல்லாவற்றையும் போனோடு சட்டைப்பையில் கொண்டு திரிகிறார்கள். மச்சானும் ராத்தாவும் பிள்ளைகுட்டிகளோடு நன்றாகவே இருக்கிறார்கள். உம்மா அவரைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கியபோது, உம்மா என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "உனக்கு ஆரையும் தெரியுமாடி? ஓமெண்டா இப்பவே செல்லு. நான் தெரியாத மாதிரியே விசாரிக்கிறன்" என்றார். இவ்வளவு காலம் காவல் காத்த அதே உம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லை என்றேன். உண்மையிலேயே ஒருவரும் இல்லை. அவர் விசாரித்து எடுத்த மாப்பிள்ளையைத்தான் முடித்தேன், கலியாணத்தன்றுதான் முகத்தையே சரியாகப் பார்த்தேன்.

போன பெருநாளுக்கு நாங்கள் போயிருந்தபோது, என் புருசன் கை கழுவ எழும்பிய பின் உம்மா என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"இனியாவது செல்லு மகள். அவர எந்த கிளாஸில கண்ட?"