கோழிக் கூண்டில் கிடந்த மசால் வடை

எண்பதுகளின் கடைசியில் திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக் குடிவந்தோம். வந்த கையோடு பின்பக்கம் கம்பி வலை அடித்து நாலு கோழி வளர்த்தேன். அதில் கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் கோழி முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பொரித்தால் பாதிக் குஞ்சு அவருக்கு, பாதி எனக்கு. கூடையில் மணல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்பு ஆணியும் போட்டு அடை வைத்தேன். என் கையால் வைத்த முதல் அடை. ஒரு முட்டைகூட வீணாகக் கூடாது என்று தவியாய்த் தவித்தேன்.

கொஞ்ச நாளிலேயே முட்டை குறைய ஆரம்பித்தது. ஓடும் இல்லை, கரு சிந்திய ஈரமும் இல்லை. வலையோரம் பொடிப் பொடியாகப் புழுக்கை மட்டும் கிடந்தது. சுண்டெலி என்று நினைத்தேன். ஆனால் என் கட்டைவிரல் தண்டி இருக்கிற சுண்டெலி முட்டையை எப்படித் தூக்கிப் போகும்? அக்கா வந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“இது மூஞ்சூறும்மா. நாத்தம் தெர்ல உனக்கு? அத்த அடிச்சிகிடிச்சி வெக்காத, புள்ளையாரு வாகனம்.”

மறுநாள் வலைக்கு அடியில் என் கை நுழையும் அளவுக்கு மண் தோண்டியிருந்தது. அட, பெருச்சாளியா? அப்படியென்றால் புழுக்கை ஏன் இத்தனை பொடி? மூஞ்சூறு என்றால் பூச்சி தின்கிற அதற்கு என் முட்டை எதற்கு? ஒன்றும் பிடிபடாமல் தலை சுற்றியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம், “என்னங்க, இந்த எலி...” என்று ஆரம்பித்தேன். பதறிப்போய் என் வாயைப் பொத்தினார்.

“உஷ்! பேரச் சொல்லாத. அதுக்குக் காது கீது. நாம இன்னா செய்யப் போறோம்னு கேட்டுகினு உஷாராயிடும். அப்பால துணியெல்லாம் கடிச்சி வெச்சிடும்.”

அவர் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். பொறி வைப்பதைக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் போய்ப் பார்த்தால், கறுப்புக் கோழியின் தலை கூடைக்கு வெளியே தொங்குகிறது. கையை அடியில் விட்டேன். முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன. ஐயோ, என்ன ஆயிற்று என்று சுற்றிலும் தேடினேன். செங்கல்லுக்குப் பின்னால் பாதி மசால் வடை கிடந்தது. கூண்டுக்குள் வடை எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

வேலையிலிருந்து வந்தவர் அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றக் கோழிகள் காலையில் தெருவுக்குப் போனபிறகு, வடையில் எலி மருந்து தடவி வைத்தாராம். அடைக்கோழி எழுந்திருக்காது என்று நம்பியிருக்கிறார். தினமும் மத்தியானம் நான் அதைத் தூக்கி இறக்கிவிட்டு நொய்யும் தண்ணீரும் காட்டுவது அவருக்குத் தெரியாது.

அக்கா மிச்ச முட்டைகளை முந்தானையில் ஏந்திப் போய், அதற்குள் அடைக்கு உட்கார்ந்திருந்த தன் கோழிக்கு அடியில் வைத்தார். இவரோ கொல்லையில் நின்று, “எலி! டேய் எலி! வாடா பாக்கலாம்!” என்று தொண்டை கிழியக் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை பொடிக்கண் வலை வாங்கிவந்து, தரைக்குள் ஒரு முழம் இறக்கி, கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் போட்டு அடைத்தார். அதையும் கத்திக்கொண்டேதான் செய்தார்.

மறுநாள் காலை, கொடியில் கிடந்த அவருடைய வேலைச் சட்டையின் காலர் சல்லடையாகியிருந்தது.

“பாத்தியா, கேட்டுச்சு பாரு,” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது கேட்டுத்தான் கடித்ததா, எந்த ஜென்மம் கடித்தது, இன்றுவரை குழப்பம்தான். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

“எலிக்குக் காது கீதுன்னு பயந்தீங்களே, எனக்கும்தான் ரெண்டு காது கீது. அதுல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.